ஒல்லியானவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நீரிழிவுப் பரிசோதனை முகாம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் முகாமின் வாசலில் ஒரு தராசு வைத்திருக்கிறீர்கள். வரிசையில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவராக அதில் ஏறி இறங்குகிறார்கள். உயரத்தையும் அளந்து கணக்குப் போட்டு, எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 25-ஐத் தாண்டியவர்களை மட்டும் விரலில் குத்தி இரத்தம் பார்க்கும் மேசைக்கு அனுப்புகிறீர்கள். மற்றவர்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, "உங்களுக்குப் பயமில்லை, போகலாம்" என்று சொல்லிவிடுகிறீர்கள். இரத்தத்தில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் போதவில்லை, அதனால் இப்படி முடிவு செய்தோம் என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த முடிவை மாற்றச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். அது தவறான முடிவு. எங்கள் மக்களின் உடம்பைப் பொறுத்தவரை ஆபத்தான முடிவும்கூட.

நான் மலையகப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வைத்தியர் அல்ல. ஆனால் உங்கள் துண்டுப் பிரசுரத்தில் உள்ள ஒரு வரியை என் மாணவி பரீட்சையில் எழுதினால் அதற்கு நான் புள்ளி போட மாட்டேன். "கொழுப்பு என்பது உடலில் தேங்கும் தேவையற்ற பொருள்" என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் முடிவு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. கொழுப்பு சும்மா தேங்கிக் கிடக்கிறது என்றால், எவ்வளவு கிடக்கிறது என்று தராசில் பார்த்தால் போதும்தான். ஆனால் அது அப்படிக் கிடப்பதில்லை. ஈரலோடும் மூளையோடும் தசையோடும் சூலகத்தோடும் இரத்தக் குழாய்களோடும் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கும் இழையம் அது. அந்தப் பேச்சு நல்லபடியாக நடக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்பதைத் தராசு காட்டாது.

என் பெரியம்மாவுக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். சிறு வயதில் மலைக்குப் போகத் தொடங்கியவர், ஈ.பி.எஃப் (சேமலாப நிதி) வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிற்கும் வரை கொழுந்து பறித்தவர். மெலிந்த கை, மெலிந்த கால். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளை பெற்ற வயிறு என்றுதான் லயத்தில் சொல்வார்கள். அடிக்கடி தாகம், இரவில் எழுந்து எழுந்து வெளியே போவது, உள்ளங்கால் மரத்துப்போவது எல்லாம் இருந்தன. முகாம் வருகிறது என்று கேள்விப்பட்டு நான்தான் போகச் சொன்னேன். எடை பார்த்தார்கள். "நீங்க ஒல்லியா இருக்கீங்கம்மா, ஒங்களுக்குச் சீனி வராது" என்று திருப்பி அனுப்பினார்கள். கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து, விறகு பொறுக்கப் போன இடத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று அவர் காலில் ஏறியது. வலி தெரியாததால் அவரும் கவனிக்கவில்லை. மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார். புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுதான் அவருக்குப் பல வருடமாகவே சீனி வருத்தம் இருந்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். முகாமில் ஒரு ஸ்ட்ரிப் செலவழித்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வெறுங்காலோடு நடக்காதீர்கள், சின்ன வெட்டுக்காயத்தையும் காட்டுங்கள் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள். மாத்திரையாவது தொடங்கியிருப்பார்கள்.

அவர் ஒருவர் கதை மட்டும் என்றால் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடித்திருப்பேன். எங்கள் லயத்திலும் பக்கத்து லயங்களிலும் ஒல்லியான உடம்போடு சீனிக்கு மாத்திரை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஏன் இப்படி என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுகூடம் இருக்கிறது. 1949-இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளிடையே அளவுகடந்து தின்று உருண்டு திரண்ட எலிகள் தோன்றின. பிறகு வேறொரு பரம்பரையில் அதே மாதிரிக் கொழுத்து நீரிழிவும் வந்த எலிகள் கிடைத்தன. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இரண்டு எலிகளைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதில் ஓடும்படி செய்து பார்த்தார். முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது குண்டு எலி தீனியைக் குறைத்தது, இளைத்தது. இரண்டாவது வகையைச் சாதாரண எலியோடு இணைத்தபோது நடந்தது வேறு. சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியால் செத்தது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது, முதல் வகை எலியால் அதைச் சுரக்க முடியவில்லை, இரண்டாவது வகை எலி அதை ஏராளமாகச் சுரந்தும் அதன் மூளைக்கு அது கேட்கவில்லை என்று கோல்மன் முடிவுகட்டினார். பொருள் எது என்று தெரியாமலே இவ்வளவையும் கண்டுபிடித்த அந்த மனிதரை நினைத்து எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1994-இல் நியூயோர்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவர் குழுவும் அந்தப் பொருளுக்குரிய பரம்பரை அலகைப் பிடித்தார்கள். லெப்டின் என்று அந்த ஓமோனுக்குப் பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புக் கலங்கள். உடம்பில் எவ்வளவு கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது என்ற தகவலை இரத்தம் வழியாக மூளையில் பரிவகக்கீழ் என்ற பகுதிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. சேமிப்புக் குறைந்தால், ஏன் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே, லெப்டின் இறங்கிவிடும். மூளை உடனே பசியைக் கூட்டும், உடம்பு செலவழிக்கும் சக்தியைச் சுருக்கும். மிகவும் இளைத்த பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இன்னொரு உயிரைச் சுமக்கும் அளவுக்குச் சேமிப்பு இல்லை என்பதை மூளை அறிவது பெருமளவுக்கு இந்த ஓமோன் வழியாகத்தான்.

இதை உங்களிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. முகாமில் எடை கூடிய பெண்களை நீங்கள் நடத்தும் விதம். எண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிக்கிறீர்கள். "வாயைக் கட்டுங்கள்" என்று வரிசைக்கு முன்னாலேயே சொல்கிறீர்கள். அவமானப்பட்டுப் பாதியில் திரும்பிப் போன ஒரு அக்காவை எனக்குத் தெரியும், அவர் அடுத்த முகாமுக்கும் வரவில்லை. உடல் பருத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, நிறையவே இருக்கிறது. மூளை அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. எடையைக் குறைக்கத் தொடங்கினால் லெப்டின் இறங்கும், மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியை ஏற்றும். மன உறுதி இல்லாததால் மட்டும் யாரும் பருப்பதில்லை. 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாததால் அடங்காத பசி, தாங்க முடியாத எடை. பிறகு அதில் ஒரு குழந்தைக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. இது மிக அரிய நோய், நம் முகாம்களில் வருகிறவர்களுக்கு இது இருக்கப்போவதில்லை. ஆனாலும் பசி என்பது ஒருவரின் குணத்தில் உள்ள குறை என்று நினைக்கிறவர்கள் அந்தக் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஒல்லியானவர்களிடம் வருவோம்.

கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தோலுக்கடியில், தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. உண்ட உணவின் மிச்சத்தைப் பாதுகாப்பாக வாங்கி வைத்துக்கொள்ளும். குடலைச் சுற்றி வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அப்படியல்ல. அங்கிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்களும் அழற்சியை மூட்டும் பொருட்களும், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் நாளம் வழியாக நேரே ஈரலில் போய் இறங்குகின்றன. ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. சாப்பிடாத நேரத்திலும் குளுக்கோசை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. தோலடிக் கொழுப்பின் இடம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. தொட்டி பெரிதாக இருந்தால் மழை கொட்டினாலும் பிடித்துக்கொள்ளும். சின்னத் தொட்டி சீக்கிரம் நிரம்பி வாசலுக்குள் தண்ணீர் வந்துவிடும். தோலடியில் இடம் குறைந்தவர்களுக்கு மிச்சக் கொழுப்பு ஈரலிலும் தசையிலும் இன்சுலின் சுரக்கும் சதையியிலும் போய்ப் படிகிறது. அவர்கள் ஒல்லியாகத்தான் தெரிவார்கள்.

இதற்கு அழுத்தமான சான்று கொழுப்பே இல்லாத உடம்புகளில் கிடைத்தது. பிறவியிலேயே கொழுப்பிழையம் இல்லாமல் பிறக்கிறவர்கள் அரிதாக இருக்கிறார்கள். அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதில்லை. கடுமையான நீரிழிவும் கொழுப்பு நிறைந்த ஈரலும் அவர்களுக்கு வருகின்றன. அதே குறையோடு உருவாக்கிய எலிகளுக்கு, சாதாரண எலியின் கொழுப்பை எடுத்துத் தோலடியில் பதியம் வைத்தபோது நீரிழிவு மாறியது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்த ஆய்வு அது. கொழுப்பை ஏற்றினால் நீரிழிவு மாறும் என்றால், கொழுப்பைத் தேவையற்ற பொருள் என்று எப்படி அச்சடிக்கிறீர்கள்? கொழுப்பு இல்லாத அந்த நோயாளிகளுக்கு இன்று லெப்டினையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு 2014-இல் அனுமதி கொடுத்தது.

அடிப்போநெக்டின் என்று இன்னொரு ஓமோனும் கொழுப்புக் கலங்களிலிருந்து வருகிறது. தசையும் ஈரலும் இன்சுலினுக்குக் கீழ்ப்படிய அது உதவுகிறது. கொழுப்புக் கூடினால் இதுவும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட இது குறைகிறது. தெற்காசியர்களிடம் இது பொதுவாகவே குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1993-இல் ஹார்வர்டில் கொழுத்த எலிகளின் கொழுப்பில் அழற்சிப் பொருள் ஒன்று சுரப்பதையும் அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் கண்டார்கள். 2003-இல், வீங்கிப்போன கொழுப்பிழையத்துக்குள் கிருமிகளை விழுங்கும் வெள்ளைக் கலங்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பது தெரியவந்தது. பிரஷரைக் கூட்டும் பொருளும், இரத்தக் கட்டிகளைக் கரையவிடாத பொருளும் கொழுப்பிலிருந்து வருகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனின் முக்கிய ஊற்று கொழுப்பிழையம்தான். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, எலிகளில் கொழுப்பு அனுப்பும் நுண்ணிய பைகள் ஈரலுக்குப் போய் அங்கே பரம்பரை அலகுகளின் வேலையையே மாற்றுகின்றன. மூளையும் நரம்பு வழியாகக் கொழுப்புக்குச் செய்தி அனுப்புகிறது. குளிரும்போது, புதிதாகப் பிறந்த குழந்தையின் முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு தருவது அப்படித்தான். இவ்வளவும் உங்கள் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போய்விட்டது.

இப்போது எங்கள் உடம்பைப் பற்றி.

புனேயைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜோன் யுட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் அளவுகளையே வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம். யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். ஒரே எண், இரட்டிப்புக்கும் மேல் கொழுப்பு. உங்கள் தராசுக்கு முன்னால் இருவரும் ஒன்றுதான், இருவரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

யாஜ்னிக்கின் குழுவினர் புனேயில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். புனே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் புனே குழந்தைகளுக்குச் சிறியவை. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்தும் கொழுப்போடு பிறந்த குழந்தைகள். 1991-இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஹேல்ஸும் பார்க்கரும், எடை குறைந்து பிறந்த ஆண்களுக்கு அறுபது வயதைத் தாண்டியதும் நீரிழிவும் அதற்கு முந்திய நிலையும் அதிகம் என்று காட்டினார்கள்.

கர்ப்பத்தில் தாய்க்கு ஊட்டம் குறைந்தால் பிள்ளையின் உடம்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதுதான் இதன் அடி. இந்த நாட்டில் அது யாருக்கு அதிகம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2016-ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் 31.7 வீதம். நிறைமாதம் வரை கூடையைச் சுமந்தவர்கள் எங்கள் அம்மாமார். அரசாங்கம் தரும் சத்துமாவான திரிபோஷாவைத் தங்களுக்கு என்று வைத்துக்கொள்ளாமல் வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தவர்கள். 1823-இலிருந்து இருநூறு வருடமாக இந்த மலையில் எங்கள் உடம்பு இப்படித்தான் உருவாகி வந்திருக்கிறது. குட்டையாக, ஒல்லியாக, சின்னத் தொட்டியோடு. அந்த உடம்பை ஐரோப்பியரின் 25 என்ற கோட்டை வைத்து அளக்கிறீர்கள். ஆசியர்களுக்கு ஆபத்து 23-இலிருந்தே கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது.

நகரத்தை விடத் தோட்டத்தில் நீரிழிவு குறைவு என்ற கணக்கு உங்களிடம் இருக்கும். மலை ஏறி இறங்கி வேலை செய்யும் காலத்தில் அது உண்மையாக இருக்கலாம். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலும் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும், அது ஒரு பெரிய பாதுகாப்பு. ஆனால் மலைக்குப் போவதை நிறுத்திய பெண்ணுக்கு அந்தத் தசை கரைகிறது. சாப்பாடு மாறுவதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடிய காலத்துப் பழக்கம்தான், சீனி அள்ளிப் போட்ட சாயத்தண்ணியும் கோதுமை மா ரொட்டியும், இரவில் ஒரு குவியல் சோறு. அவர் மகள் கொழும்பில் வீட்டு வேலைக்கோ கடைக்கோ போயிருப்பாள், மகன் ஆட்டோ ஓட்டுவான். ஒரு தலைமுறைக்குள் உழைப்பு பாதியாகிவிட்டது. முன்னே எடுத்த கணக்கை வைத்து இவர்களை விட்டுவிட முடியாது.

ஸ்ட்ரிப் தட்டுப்பாடு உண்மை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 2022 நெருக்கடியில் மருந்துக்கே நாடு எப்படித் தவித்தது என்று எல்லாருக்கும் தெரியும். இருப்பதைப் பார்த்துச் செலவழிக்கத்தான் வேண்டும். அப்படியானால் சலிக்கும் சல்லடை சரியாக இருக்க வேண்டும் அல்லவா? ஒரு பெண்ணுக்கு உயரம் 148 சென்ரிமீற்றர், எடை 47 கிலோ என்று வையுங்கள். உடற்திணிவுச் சுட்டி 21.5, உங்கள் கணக்கில் ஆரோக்கியமானவர். அவர் இடுப்பைச் சுற்றி அளந்தால் 83 சென்ரிமீற்றர் வருகிறது. தெற்காசியப் பெண்களுக்குச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வைத்த எல்லை 80, ஆண்களுக்கு 90. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கிலும் அவர் தவறிவிடுகிறார், அவருடைய உயரத்தில் பாதி 74 தான். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைப் பற்றி ஓரளவுக்காவது சொல்லக்கூடியது இந்த அளவு. இதற்குத் தேவையானது தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் டேப் மட்டுமே. ஒவ்வொரு லயத்திலும் ஒரு வீட்டிலாவது அது இருக்கும்.

எனவே நான் கேட்பது இவை.

எடையை வைத்துத் திருப்பி அனுப்பும் நடைமுறையை அடுத்த முகாமுக்கு முன் நிறுத்துங்கள். 35 வயதைத் தாண்டி முகாமுக்கு வருகிற எல்லாருக்கும், ஒல்லியோ பருமனோ, இரத்தம் பாருங்கள். முடியவே முடியாத நாளில் யாரை முதலில் பார்ப்பது என்பதை இடுப்பளவை வைத்து முடிவு செய்யுங்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சீனி இருக்கிறதா, பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி கூடியதா, தாகமும் கால் மரப்பும் ஆறாத புண்ணும் உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முகாமிலும் இருக்க வேண்டும். கால் மரப்பு என்று ஒருவர் சொன்னால் அதை எழுதிக்கொள்ள வேண்டும், அவரைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. உடற்திணிவுச் சுட்டியைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் 23 என்ற எல்லையைப் பயன்படுத்துங்கள்.

இதுவரை திருப்பி அனுப்பியவர்களின் பெயர்கள் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களை மறுபடி கூப்பிடுங்கள். "உங்களுக்கு வராது" என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் அதை நம்பிவிடுவார்கள், பிறகு என்ன அறிகுறி வந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் நீங்கள், அதைத் திருத்த வேண்டியவர்களும் நீங்கள்தான். வீடு வீடாகத் தெரிந்த குடும்பநல மாதுகளையும் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்கிறவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்காது.

முகாமை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். அன்று வருகிற பெண்ணுக்கு அன்றைய சம்பளத்துக்கான பேர் போய்விடும், இல்லையென்றால் அரைப்பேர்தான் விழும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கே வாருங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வேலை நாளில்தான் முடியும் என்றால், அன்றைய பேரை வெட்டக் கூடாது என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள், வேலையிலிருந்து நின்றவர்கள், லயத்தில் குடியிருந்துகொண்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வரலாம் என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். இப்போது பலர் அது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்து வராமல் இருக்கிறார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் சந்தேகம் வந்தவர்களைச் சும்மா அனுப்பாமல், சாப்பிடாமல் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்குத் திகதியும் இடமும் எழுதிக் கொடுங்கள்.

எடையைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்துங்கள். தராசைச் சுற்றி ஒரு திரை போடுங்கள், துணி தர நாங்கள் தயார். வாயைக் கட்டு என்று சொல்வதற்குப் பதிலாக, சாயத்தண்ணியில் சீனியை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, ரொட்டியோடு பருப்பும் கீரையும் எவ்வளவு சேர்ப்பது, வேலையிலிருந்து நின்றவர்கள் தினமும் எவ்வளவு நடப்பது என்று ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தை மீளப் பெறுங்கள். அடுத்ததைத் தமிழில் சரியாக அச்சடியுங்கள். கொழுப்பு ஓமோன் சுரக்கும் இழையம் என்பதும், ஒல்லியானவர்களுக்கும் நீரிழிவு வரும் என்பதும், இடுப்பளவை வீட்டிலேயே எப்படி எடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்க நானும் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம், பணம் எதுவும் வேண்டாம். எங்கள் உயர்தர மாணவிகளுக்கு இடுப்பளவு எடுக்கப் பழக்கி முகாம் நாளில் உதவிக்கு அனுப்பவும் அதிபரிடம் பேசியிருக்கிறேன், அவர் சம்மதித்துவிட்டார்.

இந்த மடலுக்கு உங்கள் பதிலை எழுத்தில், தமிழில், எதிர்பார்க்கிறேன். எடை பார்த்துத் திருப்பி அனுப்பும் முடிவைத் தொடரப் போகிறீர்கள் என்றால், எந்த மருத்துவச் சான்றின் அடிப்படையில் என்பதையும் அந்தப் பதிலில் எழுதுங்கள். அந்தப் பதிலை ஒவ்வொரு தோட்டத்திலும் பிரட்டுக்களத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மலையகப் பாடசாலை ஒன்றின் உயிரியல் ஆசிரியை